பெரைரா துரை கொடுத்த காகிதம்

21 பிப்ரவரி 1960, ஞாயிறு

பொய் சொல்லிவிட்டேன். எழுதினால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று உட்கார்ந்தேன். இறங்கக் காணோம்.

நேற்று கோலியனூரில் ஒரு சாவுக்கு வாசித்தோம். எங்கள் பேண்டு செட்டில் ஏழு பேர், கிளாரினெட் நான். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். பாண்டிச்சேரி வண்டி கைகாட்டி சிக்னல் விழாமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பிணம் தோளில் இருக்கும்வரை வாத்தியம் நிற்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் வெயிலில் நின்ற இடத்திலேயே வாசித்தேன். இருபது நிமிடம் இருக்கும். கேட்டுக்காரன் மேல் இருந்த எரிச்சலில் கைக்கு வந்த சங்கதியெல்லாம் போட்டுத் தள்ளினேன். செத்தவர் கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

என்ஜின் டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கைகாட்டி விழுந்ததும் கத்தினார்.

"ஏய் கிளாரினெட்! உனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியுமா மேன்?"

"தெரியுங்க துரை."

யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாளைக்கு விழுப்புரம் இன்ஸ்டிட்யூட் வா. பெரைரான்னு கேளு."

இன்று மாதா கோயில் பூசை முடிந்ததும் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சரைப் பிடித்துப் போனேன். ரயில்வே ஆட்களின் கிளப்பான இன்ஸ்டிட்யூட்டில் சட்டைக்கார, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை டான்ஸ் வைப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு பேண்டு. பெரைரா துரை டிரம்பெட், மற்றவர்களும் டிரைவர், கார்டு என்று ரயில்வே ஆட்கள்தான். கிளாரினெட் வாசித்த கார்டைத் திருச்சிக்கு மாற்றிவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை, தவக்காலத்துக்கு முந்திய கடைசி டான்ஸ். அன்று வால்ஸ் என்கிற ஜோடி ஆட்டப் பாட்டு ஒன்று மட்டும் நான் வாசிக்க வேண்டும். சரியாக வந்தால் அந்த இடம் எனக்கு. இன்ஸ்டிட்யூட் முத்திரை குத்திய நோட்ஸ் காகிதம் ஒன்றைக் கொடுத்தார்.

"செவ்வாக்கிழம ப்ராக்டிஸ். வர்றியா?"

"அன்னைக்கு ஒரு கல்யாணம் இருக்குதுங்க துரை." இரண்டாவது பொய்.

"பரவால்ல. படிக்கிற ஆளுதானே நீ. சனிக்கிழம ஆறு மணிக்கு நேரா வந்துடு."

வண்டியில் அந்தக் காகிதத்தை விரித்துப் பார்த்தேன். ஐந்து கோடு. அதன் மேலும் கீழும் புள்ளி, வால், கொக்கி. தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நான் பத்து வருடமாகக் காதால் கேட்டு வாசிக்கிறவன். ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாம் தடவை என் வாத்தியத்தில் இருக்கும்.

அந்த இடம் எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. செட்டில் எல்லாமே நடந்துகொண்டு வாசிப்பது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் நடக்கிறோம், சாவில் பிணத்துக்கு முன்னால் நடக்கிறோம். சாப்பாடு கடைசிப் பந்தி. சில ஊரில் பந்தியே கிடையாது, சோற்றை இலையில் கட்டிக் கொடுத்து மரத்தடியைக் காட்டுவார்கள். இன்ஸ்டிட்யூட்டில் வாசிக்கிறவனுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நான் இன்று பார்த்தேன். பிரம்பு நாற்காலி.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என் மனைவி லூர்துமேரிக்கு இந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியும். கன்னியர் மடத்து போர்டிங்கில் வளர்ந்தவள், கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவள். அவளிடம் கேட்பேனா? கேட்க மாட்டேன். கல்யாணமான புதிதில் அவள் அண்ணன் அந்தோணிசாமி, எங்கள் செட்டுக்கும் அவர்தான் தலைவர், எல்லார் முன்னாலும் சொன்னார்: "என் தங்கச்சி படிச்சு வாசிக்கிறவ. மாப்ள கேட்டு வாசிக்கிறவரு." எல்லாரும் சிரித்தார்கள். ஆறு வருடம் ஆகிறது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

காகிதத்தை டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

22 பிப்ரவரி, திங்கள்

டெண்டுக் கொட்டகையில் படம் மாற்றியிருக்கிறான். நோட்டீஸ் வண்டியில் உட்கார்ந்து திண்டிவனம் முழுக்க வாசித்துக்கொண்டு சுற்றினோம். புழுதி. கிளாரினெட்டின் நாணல் ரீடு ஒன்று உடைந்தது. மனம் முழுக்க விழுப்புரத்தில். "இன்னா மாப்ள, சுதி எங்கியோ போவுது" என்றார் அந்தோணிசாமி மச்சான். சுதியா போகிறது? நான்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

23 பிப்ரவரி, செவ்வாய்

கிடைத்துவிட்டது!

உடம்பு சரியில்லை என்று செட்டில் சொல்லிவிட்டு மத்தியான வண்டியில் விழுப்புரம் போனேன். இன்ஸ்டிட்யூட்டுக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல், அதன் கீழே கரி கொட்டிய இடம். அங்கே போய் நின்றேன். இன்ஸ்டிட்யூட்டைப் பெருக்குகிற சின்னபொண்ணு வந்து, "இன்னாயா இங்க நின்னுக்கினு இருக்கறே? யாரு நீ?" என்றாள்.

"பாட்டு கேக்க வந்தேம்மா."

"கேக்கறதுன்னா முன்பக்கம் போய்க் கேளு."

"முன்பக்கம் போனா துரை பாத்துடுவாரு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, ஒரு தார் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, "ஏறி நின்னுக்கோ. கண்ணாடிய ஒடச்சிடாதே" என்று போய்விட்டாள். நல்ல மனுஷி.

வால்ஸை மூன்று தடவை வாசித்தார்கள். டிரம்பெட்டில் பெரைரா துரை பாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறார், கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது. ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று சுற்றுகிற தாளம். மற்றவர்கள் அடியில் ஏதோ உறுமிக்கொண்டிருந்தார்கள், அதை நான் கவனிக்கவில்லை. பாட்டுத்தானே முக்கியம். மூன்றாம் தடவையில் என் விரல்கள் சட்டைப் பொத்தான் மேல் தானாக ஓடின.

முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாய்க்குள் பாடிப் பார்த்தேன். ஒரு இடம்கூட நழுவவில்லை. அந்தப் புள்ளியும் கொக்கியும் யாருக்கு வேண்டும்?

24 பிப்ரவரி, புதன்

காலையில் வளவனூரில் ஒரு மஞ்சள் நீராட்டு. பதினொரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் செட்டில் பெரிய டிரம் அடிக்கிற மண்ணாங்கட்டி அண்ணன், "பக்கத்துலதான் பாண்டிச்சேரி, வாடா சகாயம், தொண்டைய நனைச்சுக்கினு வரலாம்" என்றார். நம் பக்கம் மதுவிலக்கு. அங்கே கடை திறந்திருக்கும். எனக்குக் குடியில் ஆசை கிடையாது. ஆனால் கடற்கரைப் பக்கம் ஒரு சாராயக் கடையில் மத்தியானமே பாட்டு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போனேன்.

அக்கார்டியன் ஒருவர், பிடில் ஒருவர், சின்ன டிரம் ஒருவர். மூன்று பேருக்கும் நாற்காலி. குடிக்கிறவர்கள் மேஜையைத் தட்டித் தாளம் போடுகிறார்கள், ஒருத்தன் அழுகிறான், பாட்டு பாட்டுக்கு நடக்கிறது. அண்ணன் பீர், நான் சோடா. போய்க் கேட்டேன்: "அந்த வால்ஸ் வாசிப்பீங்களா?" இரண்டு வரி பாடிக் காட்டினேன். அக்கார்டியன்காரர் தலையை ஆட்டிவிட்டு உடனே வாசித்தார். அதே பாட்டு. என் மனதில் இருந்ததற்கும் அவர் வாசித்ததற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

மண்ணாங்கட்டி அண்ணன் மட்டும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், வலது கை பாட்டு வாசிக்குது. இடது கை வேற எதையோ பண்ணிக்கினு இருக்குதே?"

"அது சும்மா சத்தம்ணே."

"சும்மா சத்தமாவா தெரியல. அது நின்னா பாட்டே மொட்டையாப் பூடும் போல கீது."

பீர் பேசுகிறது என்று நினைத்தேன். செட்டில் கிளாரினெட்டும் பாட்டுத்தான், கார்னெட்டும் பாட்டுத்தான், எல்லாரும் ஒரே பாட்டை ஒன்றாக வாசிக்கிறோம். சத்தம் பெருகும், ஊர் முழுக்கக் கேட்கும். அதுதானே பேண்டு?

25 பிப்ரவரி, வியாழன். சிவராத்திரி

சண்டை.

வேட்டி எடுக்கப் பெட்டியைத் திறந்திருக்கிறாள், காகிதம் கையில் கிடைத்துவிட்டது. நான் கேணியிலிருந்து வரும்போது ஜன்னல் வெளிச்சத்தில் நின்று மெல்ல முனகிக்கொண்டிருந்தாள். நான் அறியாத ராகம். எங்கேயோ கீழே தயங்கித் தயங்கிப் போகிறது, பாட்டு மாதிரியே இல்லை.

"ஏங்க, இது யாரு குடுத்தாங்க?"

சொன்னேன். பொய்யை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்.

"நீங்க ராத்திரியெல்லாம் முனகிக்கினு இருந்தது இதுவா? அது வேற, இது வேறங்க. இது பாட்டு இல்ல. பாட்டுக்குக் கீழ போற ரெண்டாங்குரல். கோயில்ல நாங்க பாடுவோம் இல்ல, பாதிப் பேரு மேல, பாதிப் பேரு கீழ..."

"உன் கோயில் பாட்டு வேற, டான்ஸ் பாட்டு வேற. நான் காதால கேட்டுக்கினு வந்திருக்கேன். மூணு தடவ. பாண்டியில ஒரு தடவ."

"கேட்டது சரிதாங்க. ஆனா இதுல எழுதியிருக்கறது அது இல்ல. ஒரு அரை மணி நேரம் உக்காருங்க, நான் சொல்லித் தர்றேன்."

சொல்லித் தர்றாளாம். கத்திவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதப் போவதில்லை. அவளுடைய ஆர்மோனியத்தையும் மடத்தையும் அண்ணனையும் இழுத்துப் பேசினேன், அது போதும். அவள் காகிதத்தை முன்பு இருந்தபடியே சுருட்டி வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரியாக இருந்தால்? இருக்காது. காது பொய் சொல்லாது. காது எப்போது என்னிடம் பொய் சொன்னது?

26 பிப்ரவரி, வெள்ளி. அமாவாசை

அங்காளம்மன் மயானக் கொள்ளை. சாமி சுடுகாட்டுக்குப் போகிறவரை வாசித்தோம். கூட்டம் நெரித்த நெரிசலில் சூறையாக வீசிய கொழுக்கட்டையும் சுண்டலும் மேலே வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஒரு கொழுக்கட்டை கிளாரினெட் வாயில் போய் அடைத்துக்கொண்டது. வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

முடிந்ததும் மச்சானிடம் சொன்னேன்: நாளைக்கு நோட்டீஸ் வண்டிக்கு வர முடியாது, இன்ஸ்டிட்யூட்டில் வாசிக்கப் போகிறேன்.

செட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சிவப்புக் கோட்டு செட்டுக்குச் சொந்தம். வேறு பேண்டில் போய் வாசிக்கிறவன் கோட்டைக் கழற்றி மடித்துத் தலைவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது கோட்டு மிச்சமிருந்தால்தான் இடம்.

"யோசிச்சிக்க மாப்ள. அவங்க சட்டைக்காரங்க. ஒரு டான்ஸுக்குக் கூப்பிடுவாங்க, அப்புறம் யாருன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் மச்சான்."

"தங்கச்சி இன்னா சொல்லுது?"

அங்கேயே, தெருவிலேயே, பொத்தானைக் கழற்றினேன். மற்ற ஆறு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பனியனோடு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

27 பிப்ரவரி, சனி

வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாகச் செய்தது. இரண்டு நாளாக எங்களுக்குள் பேச்சில்லை. மூன்றரைக்கு வண்டி.

28 பிப்ரவரி, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு இதை வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஆறு மணிக்குப் போனேன். காகிதப் பூத்தோரணம், மெழுகு போட்டுத் தேய்த்த மரத்தரை, கவுன் போட்ட பெண்கள். பெரைரா துரை என் முதுகில் தட்டி ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். உட்கார்ந்து வாசித்துப் பழக்கமில்லாததால் முழங்காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. காகிதத்தை முன்னால் இருந்த கம்பியில் செருகி வைத்தேன், படிக்கிறவன் மாதிரி.

மூன்றாவதாக வால்ஸ். துரை தலையசைத்தார். நான் பிடித்தேன் பாட்டை.

ஐயோ, எப்படிப் பிடித்தேன்! தெருவில் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி வாசித்துப் பழகிய மூச்சு. அந்தச் சின்ன ஹாலில் அது முட்டி மோதியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரம்பெட்டும் நானும் ஒரே பாட்டில் போனோம், எங்கள் செட்டில் கார்னெட்டும் நானும் போவதுபோல. எட்டு சுற்று போனதும் துரை டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். எனக்கு விட்டுக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். "நீ வாசி" என்று மரியாதை செய்கிறார் என்று நினைத்தேன். நினைத்து, இன்னும் உரக்க வாசித்தேன். இரண்டு சங்கதி வேறு சேர்த்தேன். இதை எழுதும்போது காதெல்லாம் எரிகிறது.

முடிந்ததும் நாலு பேர் கை தட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே துரையைப் பார்த்தேன்.

அவர் விரலைக் காகிதத்தின் மேல் வைத்தார். "இப்ப நீ வாசிச்சே பாரு பாட்டு, அது இதுல எங்க மேன் இருக்குது? காட்டு."

நான் முதல் வரியைக் காட்டினேன்.

பிடில் வாசிக்கிறவர் வாயைப் பொத்திக்கொண்டார். துரை சிரிக்கவில்லை. "நீ வாசிச்சது என் பாட்டு. உனக்குக் குடுத்தது செகண்ட், கீழ போற குரல். நீ வாசிக்க வேண்டியத யாருமே வாசிக்கல. ஹால்ல பாதிப் பாட்டுதான் இருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தெரியாதது தப்பில்ல மேன். தெரியும்னு சொன்னே பாரு, அதுதான். சரி, எழுந்து போனா எல்லாரும் பாப்பாங்க. அப்படியே உக்காரு."

உட்கார்ந்திருந்தேன். ஆசைப்பட்ட நாற்காலியில், கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, டான்ஸ் முடிகிறவரை. எட்டு பாட்டு வாசித்தார்கள். எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் செய்தேன். வேறு வேலை இல்லாததால் முதல்முறையாக அடியில் ஓடுகிறதைக் கேட்டேன். ஒவ்வொருவனும் வேறு வேறு எதையோ வாசிக்கிறான், சேர்ந்தால் ஒன்றாக இருக்கிறது. மண்ணாங்கட்டி அண்ணன் பீர் குடித்துவிட்டே கண்டுபிடித்ததை நான் சோடா குடித்துவிட்டுக் கோட்டைவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், காகிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். படிக்கத் தெரியாதவன், இப்போது திருடனும்கூட.

லூர்துமேரி சட்டையை வாங்கி நனைத்துப் போட்டாள். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது போலிருக்கிறது. அவள்தான் படிக்கிறவள் ஆயிற்றே.

2 மார்ச், புதன். விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு மச்சான் வீட்டுக்குப் போனேன். "கோட்டு இப்ப சவுரிராயன் மேல இருக்குது மாப்ள. செஞ்சியிலேர்ந்து வந்திருக்கான், சின்னப் பையன்தான், மூச்சு நல்லா இருக்குது." கோபமில்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

நாளை முதல் வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கப் போகிறேன்.

6 மார்ச், ஞாயிறு

கேட்டேன்.

மில் தூசியில் இருமிக்கொண்டே, சாப்பிட்டு முடித்த கையோடு, அவள் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் காகிதம்... அரை மணி நேரம் போதும்னியே" என்றேன்.

"அன்னைக்குப் போதும்னேன்" என்றாள். "இப்ப நாப்பது நாளு ஆவும்."

சிவராத்திரியன்று கத்தியதற்கு மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு ஏதோ வந்தது. உப்பு கேட்டேன், சாப்பிட்டு முடித்த பிறகு.

9 மார்ச், புதன்

அவளுடைய சட்டம்: தவக்காலத்தில் வீட்டில் வாத்தியம் கூடாது. மடத்தில் அப்படித்தானாம், ஆர்மோனியத்துக்குத் துணி போட்டு மூடிவிடுவார்களாம். கிளாரினெட்டைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டாள். முனகவும் கூடாது.

"அப்ப எப்படிக் கத்துக்கறது?"

"கண்ணாலதான். காதுல கேட்டா நீங்க கண்ண மூடிக்குவீங்க."

தரையில் கரியால் ஐந்து கோடு போட்டாள். மில்லிலிருந்து என் மடியில் ஒட்டிக்கொண்டு வந்த மல்லாட்டைப் பருப்பைக் கோட்டின் மேல் ஒன்று, கோட்டுக்கு நடுவில் ஒன்று என்று வைத்தாள். எது என்ன சுரம் என்று சொல்ல வேண்டும், எந்தத் துளையை எந்த விரல் மூடும் என்று விரலைக் காட்ட வேண்டும். தப்பாகச் சொன்னால் பருப்பு அவள் வாய்க்குப் போகும். இன்று ஒரு கை நிறையத் தின்றாள்.

17 மார்ச், வியாழன்

பேஜாரு. மூளை மூட்டையைவிடக் கனக்கிறது. சத்தமில்லாமல் ஒரு மனுஷன் எப்படிப் பாட்டுக் கற்றுக்கொள்வான்? தரையில் இருந்த பருப்பையெல்லாம் காலால் தள்ளிவிட்டு வெளியே போனேன். மச்சான் செட்டு ஒரு சாவுக்கு வாசித்துக்கொண்டு தெருவில் போனது. அந்தச் சவுரிராயன் மோசமில்லை. கூடவே சுடுகாட்டு முனை வரை நடந்தேன், எதற்கென்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது பருப்பு பழைய இடத்திலேயே இருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்திருந்தாள்.

3 ஏப்ரல், ஞாயிறு

பருப்புப் பாடம் முடிந்தது. இன்று பெரைரா துரையின் காகிதத்தை எடுத்தோம். முதல் வரியை மதியத்துக்குள் படித்துவிட்டேன். வெறும் நாலு சுரம்தான் சுற்றிச் சுற்றி. பாட்டு என்றே சொல்ல முடியாது. இதை வாசிக்கவா கோட்டைக் கழற்றினேன்?

"தனியாப் பாத்தா அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

14 ஏப்ரல், பெரிய வியாழன்

காகிதம் முழுக்க விரலுக்கு வந்துவிட்டது. இதுவரை அதில் ஒரு சுரத்தைக்கூட நான் காதால் கேட்டதில்லை. விசித்திரமாக இருக்கிறது.

அவள் அதைக் கோடு போட்ட நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள். "அசல திருப்பிக் குடுத்துடணுங்க. முத்திர போட்டது நம்ம வூட்ல இருக்கக் கூடாது." ஈஸ்டர் திங்கள் அன்று இன்ஸ்டிட்யூட்டில் மறுபடி டான்ஸ். போய்க் கொடுத்துவிட வேண்டியது. அவள் முகத்தைப் பார்த்து, "நீயும் வா" என்றேன். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். நேராகக் கேட்டேன். துரையிடம் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டேன்.

"இன்னைக்குத்தான் வாய் வந்துச்சா?" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

19 ஏப்ரல், செவ்வாய்

நேற்று இருவரும் போனோம். முன்பக்க வராந்தாவுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிறவர்கள் கூட்டம், அதோடு நின்றுகொண்டோம். ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. என் இடத்தில் பெரம்பூர் ஒர்க்ஷாப்பிலிருந்து வந்த ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் பளபளவென்று இருந்தது. வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வால்ஸ் ஆரம்பித்தது. லூர்துமேரி ஜன்னல் வெளிச்சத்தில் காகிதத்தைப் பிடித்து, முதல் புள்ளியில் விரலை வைத்தாள்.

இத்தனை நாள் ஊமையாகப் பார்த்தது பேச ஆரம்பித்தது. டிரம்பெட் மேலே ஏறும்போது என் வரி கீழே நிற்கிறது. அது தயங்குகிற இடத்தில் இது ஒரு அடி முன்னால் போய்க் கையைப் பிடிக்கிறது. இது எப்போதும் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே தார் டப்பா மேல் நின்றபோதும் இருந்தது, நான்தான் சத்தம் என்று தள்ளினேன். கண்ணை எடுத்தால் இடம் தவறிவிடும் என்பதால் அழவும் முடியவில்லை. புள்ளி புள்ளியாகப் போனேன்.

மூன்றாம் வரியில் ஒரு எண்ணிக்கை சும்மா இருக்க வேண்டும். பெரம்பூர்க்காரன் இருக்கவில்லை, முன்னாலேயே நுழைந்துவிட்டான். "அவசரப்படறான்" என்றேன். அவள் விரல் அதே இடத்தில் நின்றிருந்தது. திரும்ப வாசித்தபோதும் அதே இடத்தில் அதே தப்பு.

இடைவேளையில் பெரைரா துரை சுருட்டுப் பிடிக்க வராந்தாவுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஓ, பேப்பர் கொண்டுபோன ஆளு."

காகிதத்தை நீட்டினேன். "மன்னிச்சிக்கோங்க துரை. தெரியாம எடுத்துக்கினு போயிட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்துகிற வாயா என் வாய்? "உங்க ஆளு மூணாவது வரியில ஒரு எண்ணிக்கை சும்மா இருக்கணுங்க. இருக்கல. ரெண்டு தடவையும்."

சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "எனக்குக் கேட்டுச்சு. உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"படிச்சுக்கினே கேட்டேங்க."

"ரெண்டு மாசத்துலயா? யாரு மேன் சொல்லிக் குடுத்தது?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தெரிந்த முகம் இரண்டு மூன்று இருந்தது, சின்னபொண்ணுகூட வாளியோடு நின்றிருந்தாள்.

"இவங்கதாங்க. என் சம்சாரம்."

லூர்துமேரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். துரை அவளிடம் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். எந்த மடம், எந்த சிஸ்டர், ஆர்மோனியம் எத்தனை வருடம். பயப்படாமல் பதில் சொன்னாள். அவர் உள்ளே போய் வேறு மூன்று காகிதங்களோடு வந்தார். என்னைத் தாண்டி அவற்றை அவளிடம் நீட்டினார்.

"பெரம்பூர் ஆளு மே மாசத்தோட போயிடுவான். அதுக்குள்ள இந்த மூணையும் உன் வீட்டுக்காரன் படிச்சுடுவானா அம்மா?"

அவள் மூன்றையும் ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். அவசரமே இல்லை.

"படிச்சுடுவாருங்க" என்றாள். "ஆனா தெரியும்னு அவரு வந்து சொன்னா நம்பாதீங்க. நான் வந்து சொன்னா நம்புங்க."